குலைக்காத நாய்

எருத்தேன்பதி மிருகாஸ்பத்திரி வரிசையில் ஆடு, மாடு, என் கோழி என்று எல்லோரிடமும் ஏதோ ஒன்று இருந்தது. எனக்கு முன்னால் தோள்பையோடு நின்ற ஓர் அம்மாவிடம் மட்டும் எதுவும் இல்லை. பக்கத்தில் ஆட்டைப் பிடித்திருந்தவர் அவருக்குத் தெரிந்தவர் போல.

“குலைக்காத நாயா ஒண்ணு வேணுமுங்ணா. எந்தச் சாதி நல்லதுன்னு டாக்டரக் கேக்க வந்தேன். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறமல்லங்க.”

“லாப்ரடார் பாருங்க அம்மிணி.”

“முடி கொட்டுமுங்க. ஆரு கூட்டறது?”

“நாட்டு நாயி?”

“தெனமும் வெளிய கூட்டிட்டுப் போகோணும். நேரமில்லீங்க. ஒருவேளை சோறு வெச்சா சத்தமில்லாம மூலையில கெடக்கோணும்.”

நேரமில்லாத அந்த அம்மா முக்கால் மணி நேரமாக வரிசையில் நின்றிருந்தார்.

ஆட்டுக்காரர் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். “உங்க மாமனார் எப்படி இருக்காருங்க?”

“அவருக்கென்னுங்க! ஒருவேளை சோறு வெச்சாப் போதும், சத்தமில்லாம மூலையில கெடப்பாரு. பகலெல்லாம் ஒத்தையில இருக்காரேன்னுதான் தொணைக்கு நாயி பாக்கறமுங்க.”

“அப்பக் குலைக்கிற நாயாவே வாங்குங்க அம்மிணி. அந்த மனுசன்கிட்ட ஆராச்சும் பேசோணுமல்லங்க.”