சனிக்கிழமைப் புகார்

— பேனாவால மேசையைத் தட்டாதீங்க சார். தலைக்குள்ள கேக்குது.

— பழக்கம்மா. அது கிடக்கட்டும். இந்தப் பிரிட்ஜ் கம்பெனி புகார்ப் பிரிவுல உன்னை மாதிரி போன்ல நீட்டி முழக்குற ஆளே இல்லையாம். உன்னைத் திருத்தத்தான் என்னைப் பயிற்சிக்கு வரவழைச்சிருக்காங்க. திருந்தலேன்னா வீட்டுக்கு அனுப்புங்கன்னு நான் எழுதிக் குடுக்கணும்.

— எல்லார்கிட்டயும் இல்ல சார். ஒரே ஒருத்தர்கிட்டதான்.

— அந்தச் சனிக்கிழமை ஆளா?

— ஆமா. அவர் பிரிட்ஜுல டொக் டொக்னு சத்தம் வருதாம்.

— அதுக்கு இவ்வளவு நேரமா?

— சத்தத்துல ஆரம்பிப்பார். அப்புறம் மழை, முட்டிவலி... கடைசியில "நீ சாப்பிட்டியாம்மா"ன்னு கேப்பார்.

— "பதிஞ்சாச்சு, நன்றி"ன்னு வெச்சுடணும்.

— வார்த்தையைக் கேக்காதே, அதுக்குப் பின்னாடி இருக்கற மனசைக் கேளுன்னு வகுப்புல சொன்னீங்களே சார்?

— அது... பொதுவா சொல்றது.

— ஓ! கடைக் கண்ணாடிக்குள்ள தொங்கவிடுற சேலை மாதிரியா? உள்ள போய்க் கேட்டா சரக்கு இல்லையா?

— வாயைக் குறை. அந்த ஆளை மட்டும் விட்டுடு, நல்லபடியா எழுதறேன். கட்டுபடியாகற பேரம்தானே?

— ஆகாது சார். வேணும்னா அவர் பேசினதைப் போட்டுக் காட்டவா? பதிவு இருக்கு.

— வேண்டாம், வேண்டாம்! ...நேரமில்ல.

— மெக்கானிக் போய்ப் பார்த்துட்டார். பிரிட்ஜுல ஒரு குறையும் இல்லையாம். உள்ளதான்... ஒரு தண்ணி பாட்டில், பாதி எலுமிச்சம்பழம். அவ்வளவுதான்.

— தயிரும் இருந்துச்சே!

— ...நான் தயிரைச் சொல்லலையே சார்.

— எப்பலேருந்து தெரியும்?

— முதல் நாள் வகுப்புலயே. பேனாவைத் தட்டினீங்க. போன்ல பிரிட்ஜ் சத்தம்னு கேக்கவெச்ச அதே டொக் டொக்.

— குரலை மாத்தித்தானே பேசினேன்...

— சளி பிடிச்ச மாதிரி. வருஷம் பூராவா சார் ஒருத்தருக்குச் சளி?

— ஊருக்கெல்லாம் மனசைப் படிக்கச் சொல்லித் தரேன். வீட்டுக்குள்ள போனா, பேசறதுன்னா அந்தப் பிரிட்ஜ் ஒண்ணுதான்... சிரிக்காதே.

— சிரிக்கல.

— என்னைக் காட்டிக் குடுத்திருந்தா உன் வேலை தப்பிச்சிருக்குமே. அதை விடு... புதுசா ஒரு பிரிட்ஜை என் தலையில கட்டியிருந்தாக்கூட கதை முடிஞ்சிருக்கும்.

— மாத்தித் தரேன்னுதான் மேல சொன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்.

— ஏன்மா?

— புதுசு வந்துட்டா நீங்க கூப்பிட மாட்டீங்களே... சனிக்கிழமையானா ஹாஸ்டல்ல எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க சார்.