மூன்றாவது மெட்டில் தானாகச் சேரும் சுருதி

— யாரும் எதையும் தொடல, மர்டோ. நீ சீவாளியைத் தொடல. நான் ஃபிடில் திருகைத் தொடல. நேத்து முதல் மெட்டுல நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு தெருவுல நடந்தோம். மூணாவது மெட்டுல கை கோத்துக்கிட்டு நடக்கறோம். நடுவுல யாரு வந்து சேத்து வெச்சா?

— தெரிஞ்சா சொல்ல மாட்டேனா, எஃபி? கூடப் பொறந்தவகிட்ட மறைச்சு எனக்கு என்ன ஆகப்போகுது? ஸ்கை தீவுல இப்படித்தான் ஆச்சு. டைரீ தீவுல இப்படித்தான் ஆச்சு. நேத்து இதே ஸ்டோர்னோவேல, நம்ம சனத்து முன்னாடியே இப்படி ஆச்சு. எப்பவும் முதல் மெட்டு கோணல், மூணாவது மெட்டு நேரு.

— முன் வரிசையில மீன்கடை பெக்கி காதைப் பொத்திக்கிட்டா. நான் பாத்தேன்.

— பெக்கி காதுல மெஷின் இருக்கு. அது கூவியிருக்கும்.

— சிரிக்காதே. இஷ்பெல், உன் புருஷனுக்கு நீயாவது புத்தி சொல்லு.

— நான் என்னத்தைச் சொல்ல, எஃபி? என் ரெண்டு பாட்டு முடியற வரைக்கும் எல்லாம் ஒழுங்கா இருக்கு. நீங்க தோல்பை பைப்பையும் ஃபிடிலையும் எடுத்தப்புறம்தான் சண்டை. அது அண்ணன் தங்கச்சி பாடு. டீ யாருக்கு வேணும்?

— எனக்கு வேண்டாம். சரி, அடுத்தது. இதை நான் காலையிலயே சொல்லியிருக்கணும். பிரிட்டனியிலேருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க இல்ல, அவங்க ஊர்த் திருவிழாவுக்கு பாண்டு தேடறவங்க? இன்னிக்கு நம்ம வாசிப்பைக் கேக்கப்போறாங்க. அடுத்த கோடைக்கு இந்தத் தீவுகள்லேருந்து ஒரே ஒரு கேலிக் மொழி பாண்டைத்தான் கூப்பிடுவாங்களாம்.

— தெரியும். அதுக்கு என்ன?

— அவங்களுக்கு மூணாவது மெட்டு வரைக்கும் காத்திருக்கப் பொறுமை இருக்காது, மர்டோ. அதனால ரோரியை வரச் சொல்லியிருக்கேன். உன் இடத்துல.

— எந்த ரோரி?

— நெஸ் ஊர் ரோரிதான்.

— அந்த கரண்டு பைப் ரோரியா? சுவத்துல சொருகி வாசிக்கறவனா?

— பாட்டரியில வாசிக்கறான்.

— பாட்டரி. கேட்டுக்கோ, இஷ்பெல். எங்க அப்பா ஊதின பைப்புக்குப் பதிலா டிவி ரிமோட் வருது.

— அது சுருதி மாறாது, மர்டோ. மழையோ வெயிலோ, ஒரே இடத்துல நிக்கும். எனக்கு இன்னிக்கு வேண்டியது அது ஒண்ணுதான்.

— உனக்கு வேண்டியது பைப்பா, சமையக்கட்டு மேஜையா? மேஜையும்தான் ஒரே இடத்துல நிக்கும்.

— ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. எஃபி, நீ ரோரியைக் கூப்பிட்டது உன் இஷ்டம், பாண்டு உன்னோடது. ஆனா மர்டோவுக்கு என்ன ஆச்சுன்னு நீ நினைக்கறே? அதை வாயைத் திறந்து சொல்லிடு. மனசுல வெச்சுக்கிட்டு அவரைப் பாக்காதே.

— குடிக்கறான்னு நினைக்கறேன். மேடை ஏறறதுக்கு முன்னாடி ஒரு மடக்கு. போதையில கை தளர்ந்து முதல் மெட்டு கெட்டுப்போகுது, அப்புறம் தெளிஞ்சிடுது.

— இஷ்பெல், நீயே சொல்லு. நான் குடிச்சேனா?

— டைரீல ஒரு மடக்கு குடிச்சீங்க. கோப்பையை மோந்து பாத்தேன்.

— நீயுமா மோந்து பாத்தே?

— பொண்டாட்டி மோந்து பாக்காம வேற யாரு பாப்பா? ஆனா எஃபி, ஸ்கைல வெறும் தண்ணி. நேத்து வெறும் டீ. அதையும் மோந்தேன். அதனால குடி இல்ல.

— அப்போ படபடப்பு.

— எனக்கா? நான் கல்யாணத்துக்கு ஊதியிருக்கேன், சாவுக்கு ஊதியிருக்கேன், ஆட்டுச் சந்தையில போட்டி நடுவர் மூக்குக்கு நேரா நின்னு ஊதியிருக்கேன். பெக்கி முன்னாடி எனக்கென்ன படபடப்பு? சீவாளியா இருக்குமோன்னு நினைச்சு அதையும் மாத்திப் பாத்துட்டேன். தோல்பையில எங்கயாவது காத்து ஒழுகுதோன்னு தண்ணித் தொட்டியில முக்கிப் பாத்தேன். ஒரு குமிழி வரல. மெட்டு வாசிக்கற விரல் குழலும் ஃபிடிலோட சேர்றதுக்குன்னே கடைஞ்சது. எல்லாம் சரியா இருக்கு, ஆனா தப்பா கேக்குது. அதுதான் என்னைத் தூங்க விடல.

— ரோரி விஷயத்தைச் சீக்கிரம் முடிவு பண்ணு, மர்டோ. அந்த டோனகல் பாண்டுப் பசங்க மேடை ஏறிட்டாங்க. அவங்களுக்கு அப்புறம் நாம.

— அந்த மேளத்தைக் கேட்டா கூரைத் தகரத்துல ஆடு நடக்கற மாதிரி இருக்கு.

— மர்டோ, நான் ஒண்ணு கேக்கறேன், கோவப்படாம சொல்லுங்க. கோணலா ஆன இடமெல்லாம் சொன்னீங்க. நல்லா இருந்த இடம் எது?

— பர்னேரா ஊர் மன்றத்துல நல்லா இருந்தது. ஊயிக் கல்யாணத்துல முதல் மெட்டே தேன். எஃபி அப்போ என்னைக் கட்டிப் பிடிச்சா.

— பிடிச்சேன். அதை இப்போ ஏன் சொல்றே?

— அங்கல்லாம் நீங்க எப்போ ஊத ஆரம்பிப்பீங்க, மர்டோ?

— எல்லாருக்கும் முன்னாடி. வாசல்லேருந்து ஊதிக்கிட்டே உள்ள வருவேன். சனம் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காரும், குழந்தைங்க என் பின்னாடியே வரும். அப்படித்தானே எந்த ஊர்லயும்?

— திருவிழா மேடையில?

— திருவிழாவுல நீ முதல்ல ரெண்டு பாட்டு பாடறே. அப்புறம்தான் நான். எஃபி இந்தக் கோடையில அப்படி வரிசையை மாத்தினா.

— மாத்தினதுக்குக் காரணம் இருக்கு, இஷ்பெல். கூடாரத்துல முதல்ல பைப்புக்காரன் வந்து நின்னா, வெளியூர்லேருந்து வந்தவன் உடனே போனைத் தூக்கறான். நாம டூரிஸ்டுக்கு விக்கற பிஸ்கட் டப்பா மூடியில இருக்கற பைப்புக்காரன் படம் ஆயிடறோம். அதுக்கப்புறம் நீ எவ்வளவு உருகிப் பாடினாலும் அவன் காதுல பிஸ்கட்தான். அதனால பாட்டு முதல்ல. வெறும் குரல், நம்ம மொழி. அப்புறம் மத்ததெல்லாம்.

— அது நல்ல யோசனைதான், எஃபி. எனக்கும் அந்த டப்பா பிடிக்காது. அதான் நான் அப்புறமா ஊத ஒத்துக்கிட்டேன்.

— இரு, இரு. மர்டோ, நான் பாடற நேரம் முழுக்க நீங்க என்ன பண்றீங்க?

— சும்மா நிக்கறேன். ஒருத்தர் பாடும்போது மத்தவங்க மூச்சு விடற சத்தம்கூட வரக் கூடாது, அப்படித்தானே நம்மளை வளத்தாங்க? பைப்பைத் தொங்கவிட்டுட்டு நிக்கறேன். ஒரு சீவாளிகூட முணுமுணுக்காது.

— எங்க நிக்கறீங்க?

— மேடைக்குப் பின்னாடி, கூடாரத் துணி ரெண்டா பிரியற இடத்துல. எஃபி என் பக்கத்துல. துறைமுகக் காத்து நேரா உள்ள வரும். ஜூலை மாசம்னு பேரு, முதுகு விறைச்சுப்போயிடும்.

— உங்க முதுகு மட்டுமா விறைக்குது?

— என்ன சொல்றே?

— இங்க இந்தச் சின்னக் கூடாரத்துல கெட்டில் கொதிக்குது, ஹீட்டர் எரியுது. இங்க உக்காந்து ஊதி ஊதி ரெண்டு பேரும் சுருதி சேக்கறீங்க. சேந்ததும் காத்துல போய் நிக்கறீங்க. நான் ரெண்டு பாட்டு பாடறேன், என் பாட்டு ஒண்ணும் சின்னது இல்ல. அவ்வளவு நேரம் அந்தக் குழல் அங்க என்ன பண்ணுது?

— எஃபி. அந்தச் சுருதி காட்டற டியூனரை எடு.

— எதுக்கு?

— எடு சொல்றேன். ஒரே சுருதி பிடிக்கற ஒத்துக்குழல் மூணையும் அடைச்சுட்டேன், விரல் குழல் மட்டும் ஊதறேன். டோனகல்காரன் மேளத்துல யாருக்கும் கேக்காது. காலையிலேருந்து ஊதிக்கிட்டிருக்கேன், சூடா இருக்கு. பாரு, முள் எங்க?

— நடுவுல. நேரா நடுவுல.

— உன் ஃபிடில்?

— இதுவும் நடுவுல. இப்போதானே சேத்தோம்.

— வா, ரெண்டு பேரும் வெளியே போய் நிக்கலாம். இஷ்பெல், உன் முதல் பாட்டை மனசுக்குள்ள பாடு. பாதியில விடாதே. முடிஞ்சதும் கூப்பிடு.

— எத்தனை சரணம்?

— மேடையில பாடற எல்லாச் சரணமும். அந்தப் படகு திரும்பி வராத சரணத்தையும் சேத்து.

— கொசு கடிக்குது, மர்டோ.

— கடிக்கட்டும். ஃபிடிலை மடியில வெச்சு மூடாதே. மேடையில பிடிக்கற மாதிரியே பிடி.

— விரல் மரத்துப்போகுது. அவ இன்னும் பாடறாளா?

— உதடு அசையுது. இன்னும் படகு கிளம்பல.

— உனக்கு எம் மேல கோவமா?

— இப்போ குளிருது. கோவம் அப்புறம்.

— முடிஞ்சுது. வாங்க ரெண்டு பேரும்.

— வாசல்லயே நில்லு, எஃபி. உள்ள வந்தா சூடாயிடும். இங்கயே ஊதறேன். முள் எங்க?

— கீழ. ரொம்பக் கீழ. மர்டோ, நேத்து முதல் மெட்டு மாதிரியே இருக்கு.

— இப்போ உன் கம்பியை ஒரு இழுப்பு இழு.

— இது... இது மேல போயிருக்கு. நான் திருகைத் தொடவே இல்ல.

— தொட வேண்டியதே இல்ல. இப்போ புரியுது. பாரு எஃபி, என் குழலுக்குள்ள இருக்கறது காத்து. காத்து சூடா இருந்தா சத்தம் அதுல வேகமா ஓடும், சுருதி ஏறும். குளிர்ந்துபோனா சத்தம் மெதுவா போகும், சுருதி இறங்கும். மரம் அப்படியேதான் இருக்கு, சீவாளி அப்படியேதான் இருக்கு. உள்ள இருக்கற காத்துதான் மாறுது.

— என்னுது காத்து இல்லியே. கம்பிதானே?

— கம்பி குளிர்ல சுருங்கும். ரெண்டு பக்கமும் கட்டியிருக்கறதால சுருங்க இடமில்ல, அதனால முறுக்கு ஏறும். முறுக்கு ஏறினா சுருதியும் ஏறும். என்னுது கீழ போகுது, உன்னுது மேல போகுது. ஒரே காத்துதான், ஆனா நம்மளை எதிர் எதிர்ப் பக்கம் தள்ளுது. ஒரு பக்கமா போயிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

— மூணாவது மெட்டுல எப்படிச் சேருது?

— நான் ஊதறேன் இல்ல? என் மூச்சு சூடு, என் கை சூடு. ரெண்டு மெட்டுக்குள்ள குழல் பழைய இடத்துக்கு ஏறிடுது. மேடை விளக்கு அனல்ல உன் கம்பி தளர்ந்து கீழ வந்துடுது. யாரு சேத்து வெச்சான்னு கேட்டியே, அது என் மூச்சும் உன் தலைக்கு மேல இருக்கற விளக்கும்தான்.

— அப்போ கை தளரல. குடி இல்ல.

— டைரீல ஒரு மடக்கு.

— இஷ்பெல், அதை விடேன்.

— விட்டுட்டேன். சும்மா ஞாபகப்படுத்தினேன்.

— சரி, அடுத்தது. இஷ்பெல் பாடும்போது பைப்பை கோட்டுக்குள்ள வெச்சுக்கோ, மர்டோ.

— விரல் குழல் கோட்டுக்குள்ள போகும். ஒத்துக்குழல் மூணும் தோள் மேல கம்பு மாதிரி நிக்குதே, அதுங்களை எங்க வெச்சுக்கறது? அதுங்க குளிர்ந்தா தனியா அழும். பாட்டு நடக்கும்போதே மேடைக்குப் பின்னால ஊதிச் சூடு பண்ணலாம்னா, ஊர் முழுக்கக் கேக்கும். இஷ்பெல் என்னை வீட்டுக்குள்ள விட மாட்டா.

— விட மாட்டேன்.

— அப்போ ஒரே வழிதான் இருக்கு. ஊயிக்ல பண்ண மாதிரி. நான் முதல்ல வரணும்.

— அந்த பிஸ்கட் டப்பா, மர்டோ.

— எஃபி, என்னைக் கொஞ்சம் பாரு. ஜம்பர்ல ஆட்டு ரோமம் ஒட்டியிருக்கு. கால்ல ரப்பர் பூட்ஸ். சவரம் பண்ணி எத்தனை நாள் ஆச்சுன்னு எனக்கே தெரியாது. எந்த பிஸ்கட் கம்பெனி இந்தப் படத்தை மூடியில போடும்? போட்டா யாரு அந்த டப்பாவைத் திறப்பாங்க?

— இஷ்பெல், நீ சிரிக்காதே. உன் பாட்டுதான் முதல்ல வரணும்னு நான் எல்லார்கிட்டயும் சண்டை போட்டு வாங்கினேன். இப்போ அதை எப்படிப் பின்னால தள்ளறது?

— தள்ளு. சனம் உள்ள வந்து கோட்டைக் கழட்டி, பீர் வாங்கி, நாற்காலி தேடற நேரத்துல நான் முதல் சரணம் பாடிக்கிட்டிருக்கேன். யாரு கேக்கறா? அவங்க ஆடிக் களைச்சு உக்காரட்டும். அப்போ நான் பாடறேன். அமைதி தானா வரும். அந்தப் படகு சரணத்துக்கு அது நல்லது.

— நிஜமா சொல்றியா?

— டைரீலயே சொல்லணும்னு நினைச்சேன். நீ சண்டை போட்டு வாங்கினதால சொல்லல.

— டோனகல் பசங்க கடைசி மெட்டு ஆரம்பிச்சுட்டாங்க. ரோரி வாசல்ல நிக்கறான், கையில பெட்டியோட.

— பாவம், நல்ல பையன். அவனுக்கு ஒரு டீ குடு, இஷ்பெல். எஃபி, நீ சொல்லு. பாண்டு உன்னோடது. உன் டியூனர் சொல்ற இடத்துக்கு என் குழல் இன்னும் ஏறி வரணுமா, இல்ல நான் அந்தப் பையன்கிட்ட இடத்தைக் குடுத்துட்டு போய் பெக்கி பக்கத்துல உக்காரட்டுமா?

— ரோரிகிட்ட நான் பேசிக்கறேன். நீ இப்போ வெளியே போய் பைப் நல்லா சூடாகற வரைக்கும் ஊது. அப்புறம் நிறுத்தாம ஊதிக்கிட்டே சனத்துக்கு நடுவுல நடந்து வா. நான் டியூனரை இங்கயே வெச்சுட்டு மேடையில அந்தக் குளிர்ல நின்னு, நீ வரவர உன் குழலைக் கேட்டு, ஏறிப்போன என் கம்பியை இறக்கிக்கறேன்.