இலை இல்லாத கொடி

சொறியாதீர்கள், தம்பி. சொறியச் சொறிய சுகமாகத்தான் இருக்கும், ஆனால் ஆறுகிற புண்ணும் ஆறாது.

உங்கள் மணிக்கட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முந்தாநாள் நீங்கள் போலீஸ்காரர்கள் என் கொல்லையைச் சோதனை போட்டபோது கையுறையைக் கழற்றிவிட்டு வேலியைப் பிடித்தீர்கள். அந்த வேலி முழுக்க விஷக்கொடி, பட்டாலே தோல் தடித்து நமைக்கும். வீட்டுக்குப் போனதும் துணி துவைக்கிற சோப்பு போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் ஆகாது. சமையல் சோடாவைக் கூழாகக் குழைத்து அப்புங்கள். ராத்திரி ஓட்ஸைப் பழைய காலுறையில் முடிந்து குளிக்கிற தண்ணீரில் போடுங்கள். எல்லாவற்றையும்விட நல்லது காட்டுக் காசித்தும்பைத் தண்டின் சாறு. அதை ஐஸ்கட்டியாக உறையவைத்துத் தேய்த்தால் நமைச்சல் அப்படியே அடங்கும். என் ஃப்ரீஸரில் இரண்டு தட்டு இருக்கிறது. நீங்கள் தொடமாட்டீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் தொடமாட்டேன்.

ஏழு வயதில் உங்கள் அம்மா உங்களை என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். காட்டில் ஒதுங்கிவிட்டு எந்த இலையில் துடைப்பது என்று தெரியாமல் துடைத்திருந்தீர்கள். இப்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் டாக்டரிடம் போக நாற்பது மைல் மலைப்பாதை. என் வீட்டுக்கு வர வேலியைத் தாண்டினால் போதும். நாற்பது வருஷமாக எல்லோரும் தாண்டினார்கள். எதைத் தடவலாம், எதைத் தொடலாம், எதைக் கொளுத்தலாம் என்று எல்லாவற்றையும் என்னிடம் கேட்டார்கள். வெர்னா கட்லிப் சொன்னால் சொன்னதுதான். எனக்குத் தெரியாது என்று ஒரு நாளும் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் எட்டு வருஷமாகத்தான் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இலை உதிர்ந்த கொடியைக்கூடக் கொளுத்தாதே, விஷம் தண்டிலும் இருக்கிறது, புகையிலும் வரும்.

டார்சி அந்தப் புகையில்தான் போனார். என் கணவர். பிப்ரவரி மாதம் அவரும் பக்கத்து வீட்டு டென்சில் ஹாம்ரிக்கும் வேலியோரத்தைச் சுத்தம் செய்தார்கள். ஓக் மரங்களில் பழைய கொடிகள் மணிக்கட்டுப் பருமனில் ஏறியிருந்தன. ஒரு இலை கிடையாது. வெட்டிக் குவித்துத் தீ வைத்தார்கள். காற்று திரும்பியது. டென்சில் காற்றின் இந்தப் பக்கம் நின்றான், டார்சி அந்தப் பக்கம் நின்றார். அவ்வளவுதான் வித்தியாசம். ஆறாம் நாள் நகரத்து ஆஸ்பத்திரியில் குழாய்களுக்கு நடுவில் மூச்சுக்குத் தவித்துத் தவித்து இறந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். நமைச்சலுக்கு இந்த மாவட்டமே தேடி வருகிற வைத்தியச்சி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் டென்சில் வாசலில் வந்து நின்றான். தொப்பி கையில். கை இரண்டும் கொப்புளம்.

"கேக்க வெக்கமாத்தான் இருக்கு, வெர்னா. தாங்க முடியல."

நான் ஐஸ்கட்டி எடுத்து வந்து தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போதே கேட்டேன். "கொளுத்தலாம்னு சொன்னது யாரு?"

அவன் என்னை வெகுநேரம் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "நான்தான். எல்லாம் நான் பண்ணினதுதான். டார்சி மேல ஒரு தப்பும் இல்ல."

அந்த நிமிஷத்திலிருந்து அவனை வெறுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த வெறுப்பு எனக்கு ஆறுதலாக இருந்தது. நமைச்சல் என்று ஒருவன் புலம்புகிறான் என்றால் அவன் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். என் டார்சி மண்ணுக்குள், இவன் என் சமையலறையில் உட்கார்ந்து ஸ்ஸ்ஸ் என்று சுகமாக மூச்சு விடுகிறான்.

டென்சிலுக்குப் புல்லைப் பார்த்தாலே தடிக்கிற தோல். வருஷம் தவறாமல் மே மாதத்தில் வருவான். நான் களிம்பு கொடுப்பேன். மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே களிம்பு, அதில் அந்தக் கொடியின் சாறு இரண்டு சொட்டு. பத்து நாளில் ஆறவேண்டியது அவனுக்கு ஆகஸ்ட் வரை ஆறாது. "உன் மருந்து இல்லன்னா என் கதி என்ன ஆயிருக்கும்?" என்பான். எனக்கு விறகு பிளந்து அடுக்கினான், மான் இறைச்சி கொண்டு வந்தான், பனி விழுந்தால் என் பாதையை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் தன் பாதைக்குப் போவான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எட்டுக் கோடை இப்படி. என்னைக் கேட்டால் நான் அவசரப்படவே இல்லை.

இந்த ஏப்ரலில் சீக்கிரமே வந்தான். அவன் மகள் கென்ட்ராவுக்கு ஜூனில் கல்யாணம்.

"போன ஜூன்ல என் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு பாத்தியே, வெந்த பன்னு மாதிரி. இந்த மூஞ்சியோட பொண்ணு கையப் பிடிச்சுக்கிட்டுச் சர்ச்சுக்குள்ள போனா பாதிரியாரே பயந்து ஓடிருவாரு. ஒரேயடியா இதுக்கு ஒரு முடிவு கட்டணும், வெர்னா."

"கட்டலாம்" என்றேன்.

"அந்தக் காலத்துல கொழுந்து தின்பாங்களாமே? தின்னா அப்புறம் ஆயுசுக்கும் அண்டாதாமே? நெசமா?"

எங்கள் மலையில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். வசந்தத்தில் விஷக்கொடி சிவப்புக் கொழுந்து விடும்போது, ரொட்டிக்குள் வைத்து ஒன்றிரண்டு தின்றால் உடம்பு பழகிவிடும் என்று. என் பெரியப்பா அப்படித்தான் தின்றார். அவர் தொண்டை என்ன ஆயிற்று என்பதைக் கதை சொல்கிறவர்கள் சொல்வதில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

"நெசந்தான். ஆனா ஒரு நாள் தின்னா பத்தாது. ஒன்பது நாள் விடாமத் தின்னணும். நீயா பறிக்காத, உனக்கு அளவு தெரியாது. தெனமும் காலையில இங்க வா."

கண்ணை மூடிக்கொண்டு நம்பினான். தினமும் காலையில் ரொட்டி சுட்டு, வெண்ணெயும் ஆப்பிள் ஜாமும் தடவி வைத்தேன். கொழுந்துகளை நானே பறித்தேன். மூன்றாம் நாள் உதடு வீங்கி வந்தான்.

"வாயெல்லாம் எரியுதே, வெர்னா."

"மருந்து பிடிக்குதுன்னு அர்த்தம். பாதியில விட்டா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

ஐந்தாம் நாள், போன செவ்வாய்க்கிழமை, பாதி ரொட்டியில் நிறுத்திவிட்டான். கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஃபோனைக் காட்டினான். நான் ஃபோன் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, மேசையிலிருந்த அவனுடைய டிரக் சாவியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு அவனுக்கு எதிரில் உட்கார்ந்தேன். எட்டு வருஷமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம். கடைசியில் மிகச் சாதாரணமாகத்தான் வந்தது.

"டார்சிக்கும் இப்படித்தான் இருந்துச்சு, டென்சில்."

அவனுக்குப் புரிந்துவிட்டது. பயப்படுவான் என்று நினைத்தேன், கெஞ்சுவான் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம்தான் இருந்தது. அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்துப் பிய்த்துப் பேசினான்.

"நான் வேணாம்னேன். டார்சிதான்... வீட்டுக்குள்ள போயி உன்னக் கேட்டுட்டு வந்தான். 'வெர்னா சொல்லிட்டா. எல இல்லன்னா வெறும் வெறகுதானாம். கொளுத்து'ன்னான்."

மூச்சு எடுக்க நேரமாயிற்று.

"யார்கிட்டயும் சொல்லல, வெர்னா. நீ தாங்கமாட்டேன்னு."

அதற்குப் பிறகு அவனால் பேச முடியவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. இருபது நிமிஷம் ஆகியிருக்கும். சாவி என் பையில்தான் இருந்தது. ஃபோன் கம்பியைத் திரும்பச் சொருகியிருக்கலாம். சொருகவில்லை.

சாகப்போகிறவன் உயிர் பிழைக்க எதையும் சொல்வான், தம்பி. நான் அதை நம்பவில்லை. அந்த பிப்ரவரி நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். டார்சி பனியும் சேறுமான பூட்ஸோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். துடைத்த தரை பாழாகிறது என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினேன். அவர் ஏதோ கேட்டார். நான் ஏதோ சொன்னேன். கையெல்லாம் மாவு, கவனம் அதில். என்ன கேட்டார் என்பது நினைவில்லை. "சரி, நீ சொன்னா சரி" என்று சிரித்துவிட்டுப் போனார். அது மட்டும்தான் நினைவிருக்கிறது.

கென்ட்ரா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியும். அவளிடம் அவளுடைய அப்பா வலியில்லாமல் போனார் என்று சொல்லாதீர்கள். எனக்கு அப்படி யாரும் சொல்லவில்லை.

பேனாவை எடுங்கள், இப்போது எழுதலாம். மனசாரத்தான் சொல்கிறேன், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கொன்றது நான்தான். டென்சிலை. கவனமாக எழுதுங்கள், தம்பி. டென்சிலை மட்டும்.