ஸ்டீயரிங்குக்கு ஏறிய கியர்

...ஹாரன் அடிச்சா கியர் விழுமா சார்? விழாது. ரெண்டு நிமிஷம் பொறுங்க. பானட்டைத்தான் திறந்துட்டேன்ல. இந்த ரெண்டு கம்பி தெரியுதா... ஒண்ணு ஃபர்ஸ்ட்டுக்கும் ரிவர்ஸுக்கும், இன்னொண்ணு செகண்டுக்கும் டாப்புக்கும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டிக்கிட்டு நிக்குது. கையால தட்டித்தான் நேராக்கணும். இந்த ஸ்பேனரைக் கொஞ்சம் பிடிங்க. ம், அப்படித்தான்.

பழைய லாரி சார், என்னைவிட ரெண்டு வயசு மூத்தது. கியர் கம்பி தரையிலேர்ந்து முளைச்சு நட்ட நடுவுல நிக்கும். நல்லாத்தான் ஓடுச்சு. சும்மா கிடந்ததை நான்தான் ஸ்டீயரிங் தண்டுக்கு மாத்தறேன்னு... மூணு மாசம் சார். பதினோரு பழைய இரும்புக் கடை ஏறி இறங்கி ஒரு தண்டு பிடிச்சேன். அது நாலு விரக்கடை நீளம் ஜாஸ்தி. அறுத்தேன். அறுத்தா குட்டை. தரையில இருந்த ஓட்டையைத் தகடு வெச்சு அடைச்சேன், பொறி பட்டு சட்டையில ஓட்டை.

எதுக்குன்னுதானே பாக்கறீங்க? உள்ள கைக்குட்டையை வாயில வெச்சுச் சிரிச்சுக்கிட்டு இருக்காங்களே, என் வீட்டுக்காரம்மா. கல்யாணமாகி அஞ்சு மாசம். எனக்கு அம்பத்தெட்டு, அவங்களுக்கு... வேணாம், கண்ணாடி இறக்கியிருக்கு.

செகண்ட் போடறப்பல்லாம் என் கை அவங்க முழங்கால்ல இடிக்கும். நான் 'மன்னிச்சுக்கங்க'ம்பேன். அவங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாங்க. கடைத்தெருவுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள நாப்பது மன்னிப்பு. கோவம்னு நெனச்சேன் சார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உங்ககிட்ட இவ்ளோ பேசறேன், அவங்ககிட்ட நாக்கு எழும்பலை. அதான் கியரையே மேல ஏத்திட்டேன்.

இன்னிக்குத்தான் முதல் ஓட்டம். மூணு சிக்னல் தாண்டியாச்சு, கை இடிக்கவே இல்லை. பெருமையாத் திரும்பிப் பாத்தா, அவங்க முகம் தொங்கிக் கிடக்கு. இங்க பச்சை விழுந்துச்சு. ஃபர்ஸ்ட்ல கிளப்பி செகண்டுக்குத் தள்றேன், அந்த நேரம் பாத்துச் சொல்றாங்க: "கியர் மேல போனா என்னங்க, கை கீழ வரக் கூடாதா?"

அப்புறம் எங்கேர்ந்து சார் செகண்ட் விழும்? அவங்களைத் திரும்பிப் பாத்துக்கிட்டே கியரைப் பாதியிலயே இழுத்து... கம்பி மேல குத்தமே இல்லை. எல்லாம் என் குத்தம்.

இந்தா... டக்குனு உக்காந்துடுச்சு. ஸ்பேனரைக் குடுங்க. நீங்க வேணா முந்திக்கிட்டுப் போங்க சார். நான் வீடு வரைக்கும் ஃபர்ஸ்ட்லயேதான் போவேன். செகண்ட் போடக் கை ஒழியாது.