பொங்காத தாரும் எண்பது மீட்டர் சாலையும்

அவைக்குத் தலைமையேற்ற ஊர்த்தலைவர் வஸ்கிம் அவர்களே! பள்ளிவாசல் பெரியவர்களே! புழுதியை விழுங்கிப் பொறுமையைப் பரிமாறிய இந்திரமாயுவின் தாய்மார்களே! சரக்குந்து ஓட்டும் சகோதரர்களே! உங்கள் எல்லோர்மீதும் சாந்தி உண்டாகட்டும்!

நான் காஸ்மிரா. இந்த வடகரை நெடுஞ்சாலையில் தார் சோதிப்பவள். ஒலிவாங்கியைப் பிடித்துப் பழக்கமில்லை. சிரிக்காதீர்கள் ஐயா, அன்று இதைவிடத் தடுமாறினேன்!

அன்று என்றால் என்று? இரண்டு வருடங்களுக்கு முன், நோன்புப் பெருநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில். ஊர் திரும்புவோர் இலட்சம் பேர் வருமுன் சாலை முடிய வேண்டும். வானமோ கறுத்திருந்தது.

பழைய சாலையை இயந்திரம் பெயர்க்கும், பொடிக்கும், கொஞ்சம் சிமெண்டும் கலக்கும். கொதிக்கும் தாரில் கொஞ்சம் தண்ணீர் பாய்ச்சினால் பாலாய்ப் பொங்கும். அந்த நுரைதான் பொடியைப் பிடித்துக் கட்டும். தார் ஆறினால் நுரை ஏது? நுரையின்றேல் உறுதி ஏது?

நெரிசலில் சிக்கிய தார்வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. அவசரத்தில் அப்படியே இயந்திரத்தில் மாட்டினார்கள். நான் வாளியில் பிடித்துப் பார்த்தேன். பத்து மடங்கு பொங்க வேண்டியது மூன்று மடங்கில் முடங்கியது! அதற்குள் எண்பது மீட்டர் போட்டாயிற்று.

இயந்திரம் ஓட்டும் தர்சோனோவிடம் ஓடினேன். "அண்ணே, நிறுத்துங்க! தார் ஆறிப்போச்சு!"

தள மேலாளர் குறுக்கே வந்தார். "மழை வருதும்மா, கண்ணு தெரியலையா? மேல ஒரு பூச்சு போட்டா யாருக்குத் தெரியும்?"

யாருக்குத் தெரியும்! எனக்கு வாய் உலர்ந்தது. நோன்பினாலா, பயத்தினாலா? வேலை போனால் என் வீட்டில் அடுப்பெரியாது. வாயடைத்து நின்றேன் தாய்மார்களே, வெட்கத்தோடு சொல்கிறேன், நின்றேன்!

சாலையோரம் நோன்பு திறக்க விற்கும் கொலாக் பாயசத்துக்காக வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்த தர்யூனி அக்கா எழுந்தார். அதோ, முன்வரிசையில் முகத்தை மறைத்துக்கொள்கிறார்.

"என் வீட்டுக்காரருக்குத் தெரியும் சார். போன வருசம் தண்ணி மூடின குழியில பைக்கோட விழுந்தாரு. இன்னும் கம்பை ஊனித்தான் நடக்குறாரு. கூட்டியாரட்டுமா? அவருகிட்ட சொல்லுங்க, யாருக்குத் தெரியும்னு."

தர்சோனோ சாவியைத் திருப்பினார். இயந்திரம் அடங்கியது.

"கலந்த சிமெண்ட் இறுகுறதுக்குள்ள திரும்ப அரைக்கணும் தங்கச்சி," என்றார். "சீக்கிரம் தாரைக் காய்ச்சு."

ஒன்றரை மணி நேரம்! வண்டியின் அடியில் நெருப்பு, தலைக்கு மேலே இடி. வெப்பமானியைப் பார்ப்பேன், வானத்தைப் பார்ப்பேன். மறுபடி வாளியில் பிடித்தேன். பொங்கியது! எண்பது மீட்டரையும் மீண்டும் அரைத்தோம். இறுக்கும் உருளை பின்னாலேயே ஓடியது. கடைசிப் பதினைந்து மீட்டர் இறுக்காமல் மிஞ்சியபோது கொட்டியது மழை.

கைதட்டாதீர்கள், கதை இனிப்பாக முடியவில்லை. அந்தப் பதினைந்து மீட்டரும் சேறாகி, அள்ளிவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. பெருநாள் கூட்டம் அங்கே வைத்த தடுப்பைச் சுற்றி ஊர்ந்தது, போனவரெல்லாம் ஏசினார்கள். ஒரு புண்ணியவான் பழத்தோலை என்மேல் எறிந்தார்! மேலாளர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் இரண்டு மழைக்காலம் போனது. அந்த எண்பது மீட்டரில் ஒரு விரிசலில்லை!

நாளை அடுத்த ஆறு கிலோமீட்டர் தொடங்குகிறது. இன்றும் வானம் கறுத்திருக்கிறது. இன்றும் அவசரம் இருக்கிறது. எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது. மறுபடி நான் வாயடைத்து நின்றால்? உங்கள் சாலை, உங்கள் கால்கள், உங்கள் பிள்ளைகள்! வந்து நில்லுங்கள், கேள்வி கேளுங்கள், நான் தயங்கினால் என்னையும் அதட்டுங்கள்!

பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், பேசவிட்ட தலைவருக்கும், அன்று எழுந்து நின்ற அக்காவுக்கும் என் நன்றி. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!