செவ்வாயில் அப்பா கிடையாது

அவைக்குத் தலைமையேற்று, என்னையும் நம்பி ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே! முன்வரிசையில் முதுகு சாயாமல் வீற்றிருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பையைத் தோளிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! வாசலோரம் நின்று, 'எப்போது முடிப்பான்' என்று பார்த்துக்கொண்டிருக்கும் என் சக தகப்பன்மார்களே! மேடையோரம் ஒன்றுமறியாதவர் போல் புன்னகைக்கும் என் பரம எதிரி, புவியியல் ஆசிரியர் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

சிரிக்காதீர்கள். எதிரி என்று தெரிந்தேதான் சொன்னேன்.

நான் பேருந்து ஓட்டுநர். பள்ளிப்படிப்பைப் பாதியில் நான் விட்டேனா, அது என்னை விட்டதா என்பது இன்றுவரை தெளிவில்லை. பெற்றோர் சங்கத்துக்கு என்னைத் தலைவனாக்கியது அறிவுக்காக அல்ல, தொண்டைக்காக! சனிக்கிழமை மாலைதோறும் சார் நடத்தும் செவ்வாய்க் கிரக வகுப்பு பரீட்சைக்கு உதவாது, நிறுத்திவிடுங்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் பேசி முடித்ததும் கைதூக்கி முடிவெடுக்கப் போகிறோம். நிறுத்தச் சொன்னவர்களில் உரத்த குரல் யாருடையது? அடியேனுடையது. உங்கள் காரணம் பரீட்சை. என் காரணம் பொறாமை. கலப்படமே இல்லாத, சுத்தமான பொறாமை!

என் மகள் யாரிடம் கேள்வி கேட்டு வளர்ந்தவள்? நிலா ஏன் பஸ் கூடவே வருகிறது? என்னிடம் கேட்டாள். மழை வந்தால் மண் ஏன் மணக்கிறது? என்னிடம் கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை இன்னும் சத்தமாகச் சொன்னேன். நம்பினாள்! இன்று? சோற்றில் கை வைத்தால் சார். தலை வாரும்போது சார். தூக்கத்தில் புரண்டால்கூட சார்!

"செவ்வாய் ஏன் செவப்பா இருக்கு, தெரியுமாப்பா?" என்றாள்.

"வெயில்ல காஞ்சு போயிருக்கும்."

"இல்லப்பா, துரு! அந்த மண்ணுல இரும்பு இருக்கு. அது துருப்புடிச்சு கெடக்கு. சார் சொன்னாரு."

துருப்பிடித்த பேருந்தோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். எனக்குத் துருவைப் பற்றிச் சொல்ல இன்னொருவர் வர வேண்டுமா? அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. என் மனைவி கேட்டாள்: "அந்த மனுஷன் மேல உங்களுக்கு ஏங்க இவ்ளோ வயித்தெரிச்சல்?"

"எனக்கென்ன வயித்தெரிச்சல்? அவர் சட்டைக்கு இஸ்திரியே போடுறதில்ல, அதைத்தான் சொன்னேன்."

"அதையும் கவனிச்சு வச்சிருக்கீங்க பாருங்க!"

அதோ, சார் சட்டையைத் தடவிப் பார்க்கிறார். இன்றைக்கு மடிப்புக் கலையவில்லை சார், கவலைப்படாதீர்கள்.

போன சனிக்கிழமை, வேலை முடிந்து மகளைக் கூட்டிப்போக வந்தேன். வந்தவன் வாசலிலேயே விறைத்துப்போனேன். மைதானத்தின் நடுவே என் மகள். கண்ணைத் துணியால் கட்டியிருக்கிறார்கள். தன்னந்தனியாக நடக்கிறாள். ஓரத்தில் நின்ற பிள்ளைகள் கத்துகிறார்கள்: "பள்ளம்! பள்ளம்! விழப்போறா!"

ஓட்டுநரின் கால் எங்கே போகும்? பிரேக்குக்குப் போகும். வெறுந்தரையை ஓங்கி மிதித்தேன், மகள் நிற்கவில்லை! ஓடினேன் ஐயா, ஓடினேன். அவளை அப்படியே வாரியெடுத்து, பள்ளத்தைத் தாண்டிக் குதித்து, அந்தப் பக்கம் போய் விழுந்தேன். எழுந்து பார்க்கிறேன், பள்ளத்தைக் காணோம். சுண்ணாம்புத் தூளில் இழுத்த கோடு!

மகள் கண்கட்டை உருவினாள். "அப்பாவா? போச்சு, எல்லாம் போச்சு!"

பிறகுதான் விளக்கினார்கள். அவள் செவ்வாயில் இறங்கிய ஊர்தி. வகுப்பறைக்குள் இருப்பவர்கள் பூமி. பூமி எழுதும் கட்டளைச் சீட்டை ஒருத்தி வேண்டுமென்றே ஆமை போல் நடந்து கொண்டுவந்து, கண் கட்டியவளுக்குப் படித்துச் சொல்வாள். ஏன்? அங்கிருந்து இங்கே சேதி வரவே பல நிமிடங்கள் ஆகுமாம். ஊர்தி பள்ளத்தை நெருங்குவதை நாம் பார்க்கும்போது, அது விழுந்தே முடிந்திருக்கும். 'முன்னே நட' என்ற சீட்டோடு போனவள், 'நில்' என்ற சீட்டு வரும்வரை நடந்தே தீர வேண்டும்.

எனக்குக் கோபம். "அதுக்காக, புள்ள விழப்போறத பாத்துக்கிட்டு சும்மா நிக்கணுமா?"

"நிக்கணும்ப்பா! செவ்வாய்ல அப்பா கிடையாது!"

சார் என்னைத் திட்டுவார், பதிலுக்கு நாலு வார்த்தை விடலாம் என்று காத்திருந்தேன். அவரோ பிள்ளைகளிடம், "செவ்வாயில இன்னைக்கு ஒரு விண்கல் விழுந்துச்சுன்னு எழுதிக்கோங்க" என்றார். என்னைத்தான்! அப்புறம் என் பக்கம் திரும்பி, "உள்ள வந்து உக்காருங்க, மறுபடி ஆரம்பிப்போம்" என்றார்.

உட்கார்ந்தேன். முட்டி இடிக்கும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். இந்த முறை வேறொருத்தி ஊர்தி, என் மகள் பூமி. வரைபடத்தை விரித்தாள். எவரெஸ்டை இரண்டுமுறை அடுக்கினாலும் எட்டாத எரிமலை அதில் இருந்தது. ஒரு தேசத்தையே நீட்டிப் படுக்க வைக்கக்கூடிய பள்ளத்தாக்கு இருந்தது. பனி மூடிய துருவங்கள் இருந்தன. சிவந்த அந்த மண்ணில் சூரியன் மறையும்போது வானம் நீலமாகத் தெரியுமாம்! கேட்டதும் பெஞ்சிலிருந்து எட்டி எட்டி வரைபடத்தைப் பார்த்தேன். பென்சிலைக் கடித்தபடி மகள் யோசித்தாள். பள்ளம் வெகுதூரத்தில் இருக்கும்போதே 'நில்' என்று எழுதிக் கொடுத்தாள். மைதானத்தில் அந்தப் பெண், கோட்டுக்கு முன்னால் அழகாக நின்றாள்!

அப்போதுதான் எனக்கு அசல் பொறாமை வந்தது. சார் மேல் அல்ல, அந்தப் பிள்ளைகள் மேல்! அவர்கள் வயதில் எனக்கு வானம் என்றால் என்ன? மழை வருமா வராதா, அவ்வளவுதான். அங்கேயும் மலை உண்டு என்று யார் சொன்னார்கள்? மறையும் சூரியனுக்கு மறுநிறம் உண்டு என்று யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லையே!

பெற்றோர்களே! நாம் கூடவே போக முடியாத இடங்களுக்கெல்லாம் நம் பிள்ளைகள் போகப் போகிறார்கள். கத்தினால் கேட்காது. ஓடினால் எட்டாது. விழுவதற்கு முன்பே யோசிக்கும் மூளை ஒன்றுதான் அங்கே துணை. அதைப் பழக்கும் வகுப்பை நிறுத்தவா? என் வயிறு எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும், வகுப்பு நடக்கட்டும்! என் கை இதோ, முதல் கை. ஒரே ஒரு நிபந்தனை: கடைசி பெஞ்சில் பெற்றோருக்கும் இடம் வேண்டும். பிள்ளைகள் மட்டும் அனுபவிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை!

மூன்றாம் வரிசை ஐயா, தலை சொறியத் தூக்கினீர்களா, வகுப்புக்குத் தூக்கினீர்களா? தூக்கிய கையை இறக்காதீர்கள், எண்ணுகிறார்கள்! தாய்மார்கள் பக்கம்... அடேயப்பா, குழந்தையின் கையையும் சேர்த்தல்லவா தூக்குகிறார்கள்!

இவ்வளவு நேரம் பொறுத்திருந்த உங்களுக்கு நன்றி. சார், உங்களுக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு, மனமார்ந்த நன்றி. வணக்கம்.