வேரில் இருந்த பெயர்

எனக்கு லேசில் சளி பிடிக்காது, ஐயா. கொரோனாக் காலத்தில் கொழும்பில் ஒரு பயிற்சியை முடித்துக்கொண்டு கண்டிக்குத் திரும்பிய மறுநாள் தொண்டை கரகரத்தது. ஏசிக் காற்று என்று நினைத்தேன். அன்றே பல்லேகலவில் ஒரு தையல் தொழிற்சாலைக்குப் போய், பெண்களின் மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தேன். நான்காம் நாள் எனக்கும் தொற்று என்று வந்தது. பாவம் சுவக்கின், அங்கேதான் பிடித்திருக்கும் என்று எல்லாரும் பரிதாபப்பட்டார்கள்.

இரண்டு கிழமைக்குள் தொழிற்சாலையில் அறுபது பேர் படுத்தார்கள். யார் கொண்டுவந்தது என்று பார்ப்பது எங்கள் ஆய்வுகூடத்தின் வேலை. வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது அங்கங்கே எழுத்துப்பிழை விடும். அடுத்த ஆளுக்குப் பழைய பிழைகளும் போகும், சிலவேளை புதிதாக ஒன்றும் சேரும். பிழைகளை ஒப்பிட்டால் அதன் குடும்ப மரம் தெரியும்.

வேரில் நின்றது என் மாதிரி.

ஆய்வுகூடத்தின்மேல் சனங்களுக்கு நம்பிக்கை போய்விடக் கூடாது. ஆகவே கோப்பில் இரண்டு மாதிரிகளின் இலக்கங்களை இடம் மாற்றினேன். ஒன்று என்னுடையது. மற்றது சிந்துஜா என்ற தையல்காரப் பெண்ணுடையது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், தாயோடு இருந்தவள். அவளை நான் தேர்ந்தெடுக்கவில்லை, பட்டியலில் எனக்கு அடுத்த வரி அவள். பெயரை ஊருக்குள் விட்டதும் நானில்லை. குழாயடிக்குக்கூட அவளை விடவில்லையாம்.

குணமானதும் என்னைத் தேடி வந்தாள்.

"சார், நான் கொழும்பையே பாத்ததில்லைங்க. எனக்கு எப்பிடி மொதல்ல வந்திருக்கும்? இன்னொருக்கா பாத்துச் சொல்லுங்களேன்."

"மெஷின் பொய் சொல்லாது, தங்கச்சி," என்றேன். கதிரையில் இருத்தித் தண்ணீரும் கொடுத்தேன்.

அடுத்த கிழமை அவளுடைய தாய் நல்லம்மாவுக்கு மூச்சிழுப்பு வந்தது. அந்த லயத்துக்கு எந்த ஓட்டோவும் வரவில்லை. சிந்துஜா தாயை முதுகில் சுமந்துகொண்டு வீதிவரை இறங்கியிருக்கிறாள். வீதிக்கு வந்து சேர்ந்தபோது உயிர் இல்லை. பிரேதத்தில் எடுத்த மாதிரி என்னிடமே வந்தது. தொற்று இல்லை. அதை உள்ளபடியே எழுதினேன், அதனால்தான் உடலை வீட்டுக்குக் கொடுத்தார்கள்.

பிறகு எங்கள் ஆய்வுகூடத்து ரிஸ்னா டொக்டர் பழைய மாதிரிக் குப்பிகளை மறுபடி பரிசோதித்து என்னைக் கண்டுபிடித்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

கோப்பை மாற்றியது நான். நல்லம்மா அதனால்தான் செத்தார் என்று எழுதுங்கள், கையொப்பம் வைக்கிறேன். இரக்கமில்லாதவன் என்று மட்டும் எழுத வேண்டாம். சாவு வீட்டுக்கும் போனேன், ஐயா. முகக்கவசத்தைக் கழற்றாமல் எட்டவே நின்றேன், அந்தச் சனங்களுக்கு என்னால் ஒரு கெடுதல் வந்துவிடக் கூடாது என்று.